குளிர்காலையும் அற்ககோல் இயந்திரமும்: பிரேசிலிய எரிபொருள் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மார்க்ஸ், 'மூலதனம்' முதற்பாகத்தில் இயந்திரங்கள் பற்றிய அதிகாரத்தின் அடிக்குறிப்பொன்றிலே, தொழினுட்பத்தின் விமர்சன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை எனக் குறைப்பட்டதை நம்மவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர்; எடுத்துக்காட்டுவதோடு நின்றும் விடுவர். இக்கட்டுரை மிகச் சிறியதொரு சிக்கலை எடுத்துக்கொள்கிறது. அற்ககோலில் ஓடும் மோட்டார் இயந்திரம் குளிர்ந்த காலைவேளையில் இயங்க மறுப்பது ஏன், அம்மறுப்புக்கு எத்தகைய பரிகாரங்கள் காணப்பட்டன, அவற்றின் சுமை யார் தலையில் வந்து விழுந்தது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. பிரேசில் நாட்டின் அனுபவமே பிரதான களமாகும். எண்ணெய்க் கம்பனிகளின் பிடியிலிருந்து மூன்றாம் உலக நாடொன்று தன் முயற்சியால் விடுபட்டமைக்கு எடுத்துக்காட்டாக அந்நாட்டின் அற்ககோல் திட்டத்தை முற்போக்காளரும் போற்றியதுண்டு. அப்போற்றுதல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அந்தக் கார்களின் பொனற்றைத் திறந்து பார்த்தாலே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

முதலிற் பௌதிகத்தைச் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்தின் உருளையினுள் எரிவது திரவமன்று, ஆவியே. எரிபொருள் ஆவியாகிக் காற்றுடன் உரிய விகிதத்திற் கலந்தாலன்றித் தீப்பொறியினாற் பயனில்லை. பெற்றோல் தனியொரு பொருளன்று. எளிதில் ஆவியாகும் இலேசான கூறுகள் முதல் 200 பாகையளவிற் கொதிக்கும் கனத்த கூறுகள் ஈறாகப் பலவற்றின் கலவை அது. கடுங்குளிரிலும் அந்த இலேசான கூறுகள் ஆவியாகி இயந்திரத்தின் முதற் சுற்றுக்களைத் தொடக்கி வைத்துவிடும். சூடு ஏற ஏற ஏனையவையும் எரியத் தொடங்கும். எதனோல் எனப்படும் அற்ககோல் அத்தகையதன்று. அது ஒரே பொருள். அதன் கொதிநிலையும் ஒன்றே, ஏறத்தாழ 78 பாகை செல்சியஸ். முன்னோடிகளாய்ச் செல்லும் இலேசான கூறுகள் அதனிடம் இல்லை. சுமார் 13 பாகைக்குக் கீழே, தீக்குச்சியை அருகிற் கொண்டுசென்றாலும் பற்றிக்கொள்ளப் போதிய ஆவி அதன் மேற்பரப்பில் எழுவதில்லை. பெற்றோலுக்கு அந்த எல்லை சைபருக்குக் கீழே 40 பாகையளவில் உள்ளது.

இன்னொரு தடையும் உண்டு. ஆவியாகும்பொழுது எதனோல் உறிஞ்சிக்கொள்ளும் மறைவெப்பம், நிறைக்கு நிறை, பெற்றோலினதைப் போல இரண்டரை மடங்களவாகும். அத்துடன், 1 கிலோ பெற்றோல் எரிவதற்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 1 கிலோ எதனோலுக்கோ 9 கிலோ போதும். அதாவது, உருளையினுட் புகும் ஒரே அளவு காற்றுக்குக் கூடுதலான அற்ககோல் தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணித்தால், இயந்திரத்தின் ஒவ்வொரு மூச்சுக்கும் பெற்றோலுக்கு வேண்டியதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு அவ்வெப்பத்தை எங்கிருந்து தரும்? அற்ககோல் துளியாகவே உட்புகுந்து சுவரில் ஒட்டி வழியும், பிளக் நனையும், பற்றறி இறங்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியபின் நிலைமை மாறிவிடுகிறது. அதே மறைவெப்பம் உட்செல்லும் கலவையைக் குளிர்விப்பதாலும், அகாலத்தில் வெடித்து எரியாத இயல்பு அற்ககோலுக்கு இருப்பதாலும், கலவையைக் கூடுதலாக அமுக்கிக் கூடுதலான வலுவைப் பெறலாம். காலையிற் குறையாக நிற்பது நண்பகலில் நிறையாகிறது.

இந்த இடர்ப்பாடு 1970களிற் கண்டறியப்பட்டதன்று. அற்ககோல் இயந்திரம் தோன்றிய காலத்திலேயே அது தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஜேர்மனியில் அற்ககோல் உற்பத்தியின் முதுகெலும்பாக விளங்கியவர்கள், எல்பே நதிக்குக் கிழக்கே உருளைக்கிழங்கு பயிரிட்டு வடிசாலை நடத்திய பிரசிய நிலப்பிரபுக்கள். 1876இல் ஏங்கெல்ஸ் பிரசிய மதுசாரம் பற்றித் தனிக் கட்டுரையொன்று எழுதினார். பிரசிய அரசின் பொருளாதார அடித்தளத்தை அவர் அந்த வடிசாலைகளிற் கண்டார். 1887ஆம் ஆண்டு வரிச்சட்டம் இப்பிரபுக்களுக்கு அளித்த சலுகையை மக்கள் 'அன்பளிப்பு' என்றே கேலியாக அழைத்தனர். குடித்துத் தீராத சாராயத்துக்கு வேறு வாய் தேட வேண்டியிருந்தது. விளக்கும் பண்ணை இயந்திரமும் அந்த வாய்களாயின. 1906இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தொழிற்றேவைக்கான அற்ககோலுக்கு வரிவிலக்கு அளிக்கச் சட்டமியற்றியது. அடுத்த ஆண்டு அந்நாட்டின் விவசாயத் திணைக்களம் பண்ணை இயந்திரங்களில் அற்ககோலின் பயன்பாடு பற்றிய சோதனைகளை வெளியிட்டது. அக்கால இயந்திரங்களிலே, பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் அற்ககோலுக்கு மாற்றிக்கொள்வதே பொதுவான வழக்கம். இதனை நினைவில் இருத்திக் கொள்க. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் பிரேசிலில் 'புதிய' பரிகாரமாக வந்தது இதுவேயாகும்.

பெற்றோலை நாடாத பரிகாரமொன்றும் இருந்தது. அது கரும்பு வயல்களை அண்டித் தோன்றியது. அற்ககோலைச் சல்பூரிக் அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் ஈதர் கிடைக்கும். ஈதர் 35 பாகையளவிற் கொதிப்பது. எந்தக் குளிரிலும் ஆவியாவது. அற்ககோலுடன் அதனைக் கலந்தால், பெற்றோலிடம் இயல்பாகவுள்ள முன்னோடிக் கூறு அற்ககோலுக்கும் வாய்த்துவிடுகிறது. தென்னாபிரிக்காவின் நேற்றாலிலே, முதலாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில், சீனி ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து வடித்த அற்ககோலுடன் ஈதரைக் கலந்து 'நேற்றலைற்' என்னும் மோட்டார் எரிபொருள் விற்கப்பட்டது. நேற்றாலின் கரும்புத் தோட்டங்களை உருவாக்கியோர் யார் என்பதைத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பல் 1860 நவம்பரில் டேர்பன் துறையை அடைந்தது முதல், 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் தமிழர் கணிசமானோர். அதே உத்தி பிரேசிலின் வடகிழக்கிலும் கையாளப்பட்டது. 1927இல் அலகோவாஸ் மாநிலத்தின் செறா கிறாண்டே சீனி ஆலை, தன் பெயரின் முதலெழுத்துக்களாலேயே 'உஸ்கா' எனப் பெயரிட்டு, அற்ககோலும் ஈதரும் சேர்ந்த எரிபொருளொன்றைச் சந்தைக்கு விட்டது.

இவ்விடத்தில் ஒரு சொல்வரலாற்றுக் குறிப்பு. சங்க நூல்களிலே 'எந்திரம்' என்னும் சொல் கரும்பு பிழியும் பொறியைக் குறித்து வருதல் மாணவரும் அறிந்தது. போர்த்துக்கேயரின் 'எங்கேன்யோ' என்னும் சொல்லும், அறிவுநுட்பத்தையும் பொறியையும் குறித்ததோடு, பிரேசிலிற் கரும்பாலைக்கும் அதைச் சூழ்ந்த தோட்டத்துக்கும் அடிமைக் குடியிருப்புக்கும் சேர்த்தே பெயராயிற்று. இரு மொழிகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும், இரு நிலங்களிலும் 'இயந்திரம்' என்னும் கருத்துக்குக் கரும்பே முதன்மையான ஒரு சான்றாக நின்றமை கவனிக்கத்தக்கது.

பிரேசில் அரசு சீனி முதலாளிகளின் உபரியைச் சுமக்கத் தொடங்கியது 1970களிலன்று. 1931இல், உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, இறக்குமதியாகும் பெற்றோலுடன் நூற்றுக்கு 5 பங்கு அற்ககோலைக் கலக்க வேண்டுமென ஆணை பிறந்தது. 1933இல் சீனி-அற்ககோல் நிறுவகம் அமைக்கப்பட்டது. விலை வீழும்போது கரும்பைச் சாராயமாக்கிக் காருக்கு ஊற்றுவதும், விலை ஏறும்போது சீனியாக்கி ஏற்றுமதி செய்வதும் என்ற ஊசலாட்டம் அன்றே தொடங்கிவிட்டது.

1973 இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்களவாக உயர்ந்தபோது பிரேசில் தன் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. திட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதனோடு நின்றுவிடுவர். 1974 நவம்பரில் உலகச் சந்தையில் ஓர் இறாத்தல் சீனி 65 அமெரிக்கச் சதம் வரை ஏறி, பின்னர் சரிந்து, 1977 அளவில் 10 சதத்துக்கும் கீழே வந்தமை அதேயளவு முக்கியமானது. விலையேற்றத்தை நம்பி ஆலைகளைப் பெருப்பித்தவர்கள் கடனில் மூழ்கும் நிலையில் இருந்தனர். 1975 நவம்பர் 14ஆம் திகதி ஜெனரல் கைசல் தலைமையிலான இராணுவ ஆட்சி தேசிய அற்ககோல் திட்டத்தைப் பிரகடனம் செய்தது. பணவீக்கத்திலும் குறைந்த வட்டியில், அதாவது உண்மையில் வட்டியே இல்லாமல், ஆலைகளுக்குக் கடன் வழங்கப்பட்டது. எண்ணெய் நெருக்கடி திட்டத்துக்கு நியாயத்தை வழங்கியது. சீனி நெருக்கடி அதற்கு அவசரத்தை வழங்கியது.

தொழினுட்பப் பணி சாவோ ஜோசே டொஸ் காம்போஸ் நகரிலுள்ள விமானப்படையின் தொழினுட்ப மையத்தில் நடந்தது. பேராசிரியர் உர்பானோ ஸ்ரும்ப் அங்கு அற்ககோல் இயந்திரங்களை ஆராய்ந்து வந்தார். 1976இல், மாற்றியமைக்கப்பட்ட மூன்று கார்கள் ஏறத்தாழ 8000 கிலோமீற்றர் தூரம் நாட்டைச் சுற்றி வந்தன. திறமையான பணி அது. அதனைச் சிறுமைப்படுத்துதல் நம் நோக்கமன்று. 1979 யூலையில், அதாவது இரண்டாவது எண்ணெய் நெருக்கடியின் நடுவே, முழு அற்ககோலில் ஓடும் 'பியற் 147' கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. வொக்ஸ்வாகன், ஜெனரல் மோட்டர்ஸ், போர்ட் ஆகியனவும் பின்தொடர்ந்தன. தேசிய எரிபொருள் என முழங்கிய திட்டத்தின் கார்கள் நான்கு அந்நியக் கம்பனிகளின் கார்களே என்பதை அக்காலப் பிரசாரம் அதிகம் பேசவில்லை.

இனி, குளிர்காலைக்கு வருவோம். பிரேசில் என்றதும் வெப்பவலயக் காடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கார்கள் அதிகம் ஓடிய பிரதேசம் தெற்கும் தென்கிழக்கும் ஆகும். சாவோ பாவுலோ மேட்டுநிலத்திலே யூன் முதல் ஓகஸ்ட் வரையான விடியற்காலைகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது வழமை. கடல்மட்டத்துக்கு 900 மீற்றர் மேலேயுள்ள குரிற்றிபாவிலும் அதற்குத் தெற்கேயும் உறைபனியும் விழும். அங்கெல்லாம் அற்ககோல் கார் காலையில் அசைய மறுத்தது. கம்பனிகள் கண்ட பரிகாரம், பொனற்றின் கீழே ஒரு சிறு பெற்றோற் தாங்கி. விசையொன்றை அழுத்தினால் அதிலிருந்து சிறிதளவு பெற்றோல் உள்ளே பாயும். இயந்திரம் இருமிக்கொண்டு எழும்பும். பின் அற்ககோல் பொறுப்பேற்கும். அத்தாங்கியை நிரப்பி வைப்பது சாரதியின் கடமை. கோடை முழுவதும் தொடப்படாமற் கிடந்த பெற்றோல் பழுதாகிப் பிசினாய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். தேவைப்படும் நாளில் தாங்கி வெறுமையாயும் இருக்கும். சூடேறும் இயந்திரத்தின் அருகே பெற்றோலைச் சேமித்து வைப்பதிலுள்ள ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் 'பௌதிகம் அப்படி, என் செய்வது?' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. எதனோலின் கொதிநிலை எந்த வர்க்கத்தின் நலனையும் அறியாது. அதனையும் வர்க்க நலனாற் பெயர்த்துச் சொல்ல முயலும் வரட்டு மார்க்சியத்தால் நமக்குப் பயனில்லை. ஆயின், அந்தக் கார்களில் ஊற்றப்பட்டது தூய எதனோலன்று என்பதை மறக்கலாகாது. சாதாரண வடித்தலினால் அற்ககோலின் செறிவை நிறைப்படி நூற்றுக்கு 95 அல்லது 96க்கு மேல் உயர்த்த இயலாது. எஞ்சிய நீரை அகற்றுவதற்கு பென்சீன் போன்ற மூன்றாவது பொருளொன்றைச் சேர்த்து மீண்டும் வடிக்க வேண்டும். அதற்கு உபகரணமும் நீராவியும் பணமும் வேண்டும். பெற்றோலுடன் கலப்பதற்கான அற்ககோலில் நீர் இருந்தால் கலவை பிரிந்துவிடும். எனவே அதற்கு மட்டும் நீர் அகற்றப்பட்டது. தனி அற்ககோல் கார்களுக்கு, நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை நீர் உள்ள மலிவான அற்ககோலே வழங்கப்பட்டது. ஆலைக்கு அது இலாபம். ஆனால் நீர் ஆவியாவதற்கு எதனோலிலும் பன்மடங்கு வெப்பம் வேண்டும். நீர் சேர்ந்தால் எதனோலின் ஆவியும் குறையும். ஆலையில் மிச்சம் பிடித்த செலவு, காலைவேளையில் இயங்காத இயந்திரமாகவும், அரிப்புண்ட காபுரேற்றராகவும் மறுமுனையில் வெளிப்பட்டது.

ஒப்பீட்டுக்கு ஒரு நாட்டைச் சொல்லலாம். பிற்காலத்தில் சுவீடனில் அற்ககோல் எரிபொருள் விற்கப்பட்டபோது, கோடையில் நூற்றுக்கு 15 பங்காயிருந்த பெற்றோற் கலப்பு குளிர்காலத்தில் 25 வரை உயர்த்தப்பட்டது. கலப்பு வேலை விநியோகிப்போருடையது. சாரதி அறியவும் வேண்டியதில்லை. பிரேசிலில் அதே பெற்றோலை ஒவ்வொருவரும் தத்தம் பொனற்றின் கீழே தனித்தனியே காவித் திரிந்தனர். ஈதர் வழி ஏன் மீட்கப்படவில்லை என்பது தனியாக ஆராயத்தக்கது. அது மயக்கமூட்டுவதும் எளிதில் வெடிப்பதுமான பொருள் என்பதால் அதனை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தூயதோர் உள்நாட்டுப் பரிகாரம் அரைநூற்றாண்டுக்கு முன்னரே அலகோவாஸ் ஆலையொன்றிலிருந்து வந்திருந்தது என்பதும் உண்மையே.

1981இல் அற்ககோல் கார்களின் விற்பனை சடுதியாக வீழ்ந்தது. இயங்கத் தொடங்குவதிலுள்ள தொல்லை, அரிப்பு, அற்ககோலின் விலை உயர்வு என்பன சேர்ந்து நம்பிக்கையைக் குலைத்தன. அரசு வரியைக் குறைத்தது; வாடகைக் கார்களுக்குச் சலுகை அளித்தது; அற்ககோல் விலையைப் பெற்றோல் விலையிலும் வெகுவாகத் தாழ்த்தியது. காபுரேற்றருக்கு நிக்கல் பூச்சு வந்தது. 1980களின் நடுப்பகுதியில் விற்பனையான புதிய கார்கள் பத்தில் ஒன்பதுக்கு மேல் அற்ககோற் கார்களாயின. ஆயினும், பேருந்துகளும் லொறிகளும் டீசலிலேயே ஓடின. டீசலுக்காக எண்ணெயைச் சுத்திகரித்தே ஆகவேண்டியிருந்தது. அதன் உடன்விளைவான பெற்றோல் தேங்கிக் குறைந்த விலைக்கு ஏற்றுமதியாயிற்று. தேசத்தின் எரிபொருள் எனப்பட்டது கார் வைத்திருந்தோரின் எரிபொருளாகவே நின்றது.

கார் இல்லாதோர் அதே விடியற்காலையில் என்ன செய்துகொண்டிருந்தனர்? பிரேசிலின் மத்திய-தென்பகுதியில் கரும்பு வெட்டும் பருவம் ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை நீடிப்பது. குளிர்காலம் அதன் நடுவே வருகிறது. அற்ககோல் கார் இயங்க மறுத்த அந்நேரத்திலேயே, டீசல் லொறிகளின் திறந்த தட்டுகளில் நின்றபடி வெட்டுவோர் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தனர். இவர்களுக்கு வழங்கிய பெயர் 'போய்யா பிரியா'. நேர்ப்பொருள் 'ஆறிய சோறு'. இரவிற் சமைத்து எடுத்துச் சென்ற உணவைச் சூடாக்க வழியின்றி வயலோரத்தில் இருந்து உண்பதால் வந்த பெயர். இவர்கள் முன்னர் தோட்டங்களுக்குள்ளேயே குடியிருந்து சிறு நிலத்திற் பயிரிட்டும் வந்தவர்கள். 1963ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத் தொழிலாளருக்கு நிரந்தர ஊழியரின் உரிமைகளை அளித்தபோது, அவ்வுரிமைகளை வழங்குவதிலும் குடியிருப்புகளை இடித்து அவர்களை வெளியேற்றுவது மலிவு என நிலவுடைமையாளர் கண்டனர். அடுத்த ஆண்டு நடந்த இராணுவச் சதி அவ்வெளியேற்றத்துக்குப் பாதுகாப்பாயிற்று. பட்டணத்து ஓரங்களிற் குடியேறியவர்கள் நாட்கூலிகளாய் அதே வயல்களுக்குத் திரும்பினர்.

1980களிலே ஒருவர் நாளொன்றுக்கு 6 தொன் அளவில் வெட்டினார். ஒரு தொன் கரும்பு ஏறத்தாழ 70 லீற்றர் அற்ககோலைத் தரும். ஒரு மனிதனின் ஒருநாட் கைவேலை, பத்துச் சிறு கார்களின் தாங்கிகளை நிரப்பப் போதுமானது. 1984 மே மாதத்தில், சாவோ பாவுலோ மாநிலத்தின் குவாரிபா என்னும் சிற்றூரில் வெட்டுவோர் கிளர்ந்தெழுந்தனர். அதுவரை ஒருவர் ஒரே தடவையில் ஐந்து வரிசைகளை வெட்டிவந்தார். ஆலைகள் அதனை ஏழாக்கின. வெட்டிய கரும்பை நடு வரிசையில் அடுக்க வேண்டும். ஏழு வரிசையெனில் ஓரத்துக் கரும்பைக் கூடுதல் தூரம் சுமக்க வேண்டும். கூலியோ வெட்டிய கரும்புக்கு மட்டுமே. நடைக்குக் கூலியில்லை. நீர்க் கட்டணம் தாங்காத மக்கள் நீர்வழங்கற் சபையின் கட்டடத்தையும் தாக்கினர். பொலிசார் சுட்டதில் ஒருவர் இறந்தார். இறுதியில் ஆலைகள் ஐந்து வரிசைக்குத் திரும்ப உடன்பட்டன. திட்டத்தின் வரலாறுகள் பலவற்றில் இந்நிகழ்ச்சிக்கு இடமில்லை. ஏழு வரிசை என்பதும் ஒரு தொழினுட்பமே. அதனைக் கண்டுபிடித்தவரின் பெயரைத்தான் எவரும் பதிவு செய்யவில்லை.

1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தது; பின் சீனி விலை ஏறியது. பழைய ஊசல் மறுபக்கம் சென்றது. ஆலைகள் சீனிக்குத் திரும்பின. 1989இல் அற்ககோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரசின் சொல்லை நம்பி வாங்கியோர் வரிசையில் நின்றனர். பற்றாக்குறையை நிரப்ப வெளிநாட்டிலிருந்து மெதனோல் இறக்குமதி செய்யப்பட்டு, 60 பங்கு எதனோல், 33 பங்கு மெதனோல், 7 பங்கு பெற்றோல் என்ற கலவை விற்கப்பட்டது. அந்நிய எரிபொருளிலிருந்து விடுபடுவதற்கென உருவான கார், அந்நிய மெதனோலில் ஓடிற்று. 1990இல் சீனி-அற்ககோல் நிறுவகம் கலைக்கப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் அற்ககோற் கார்கள் விற்பனையில் நூற்றுக்கு ஒன்றும் தேறவில்லை.

2003 மார்ச்சில் வொக்ஸ்வாகன் 'கோல்' காரொன்றை வெளியிட்டது. பெற்றோலோ அற்ககோலோ, எந்த விகிதத்திலும் ஏற்கும் இயந்திரம் அது. கலவையைக் கணித்துக்கொள்ளும் மின்னணுச் சாதனம் அதிலிருந்தது. பொனற்றின் கீழே சிறு பெற்றோற் தாங்கியும் இருந்தது. எரிபொருளைக் குழாயிலேயே மின்னினாற் சூடாக்கி உட்செலுத்தும் பொஷ் நிறுவனத்தின் அமைப்புடன் 'போலோ' கார் 2009இல் வெளிவந்தபோதுதான் அத்தாங்கிக்கு விடை கிடைத்தது. குளிர்ந்த அற்ககோலைச் சூடாக்க வேண்டும் என்பதில் எந்தப் புதுமையும் இல்லை. தனி அற்ககோற் கார் வந்து முப்பது ஆண்டுகள் சாரதிகளே அச்செலவைச் சுமந்தனர்.

அந்த முப்பது ஆண்டுகளில் வயலில் நடந்த மாற்றம் வேறு திசையிற் சென்றது. ஒருவர் வெட்டும் கரும்பு நாளொன்றுக்கு 12 தொன் வரை ஏறியது. 2000களின் நடுப்பகுதியிலே, சாவோ பாவுலோ வயல்களில் வேலையிடையே சுருண்டு விழுந்து இறந்தவர்களைப் பற்றி, குடிபெயர்ந்த தொழிலாளரிடையே பணியாற்றிய கத்தோலிக்க அமைப்பினர் ஒவ்வொன்றாய்ப் பதிவுசெய்து முறையிட்டனர். வெட்டுமுன் வயலை எரிப்பதை 2002ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் படிப்படியாகத் தடைசெய்தது. 2007இல் ஆலைகளுடன் செய்த உடன்பாடு அதனை விரைவுபடுத்தியது. எரிக்காத கரும்பைக் கையால் வெட்டுவது ஆலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. வெட்டும் இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் எண்பது, நூறு பேரின் வேலையைச் செய்தது. அவை டீசலில் ஓடின.